குசாகா அம்மாளின் ஊதாப்பூ

ஒகாசாகி,
ஜூலை 19

அன்புள்ள சிஹோ,

நானும் உன் சித்தியும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதுகிறாய், நான் நம்பவில்லை, நீ அனுப்பிய படத்தில் உன் கழுத்தெலும்பில் குடையை மாட்டலாம். இங்கே வெயில் எப்படியென்றால் நேற்று கூரையில் உட்கார்ந்த காகம் பொரிந்து விழுந்தது, சித்தி சோயா சாஸ் எடுத்துக்கொண்டு ஓடினாள். குசாகா அம்மாள் விஷயத்தில் போன கடிதத்தில் பாதியைத்தான் எழுதினேன், முழுதையும் இப்போது கேள். மூன்று வருஷத்துக்கு முன், அசகாவோ பூக்கொடி வளர்க்கும் நம் சங்கத்தில் சேர்ந்த இந்தத் தோஃபு கடைக்காரிக்கு நம் ஊசியிலைக் கொடியின் விதையை என் கையால்தான் கொடுத்தேன். ஊசியிலைச் செடி விதை வைக்காது, அதன் அகல இலைத் தங்கைகளிடம்தான் எடுக்க வேண்டும், அந்த விதையில் நாலில் ஒன்று ஊசியிலையாக வரும், வந்தால் பூ வெள்ளைதான். முப்பத்தொரு வருஷமாக அந்த வம்சத்துக்கு நான்தான் சக்கரவர்த்தி, சூரியனே என்னைக் கேட்டுவிட்டுத்தான் அதன்மேல் விழும். இந்த அம்மாள் மாதத் தொடக்கத்தில் ஊசியிலையும் ஊதாப்பூவுமாக ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாயமோ என்று ஈரக் கைக்குட்டையால் இதழைத் தேய்த்தேன், "சோப்பு வேணுமாய்யா, கடையில இருக்கு" என்றாள். சாயமில்லை என்று தெரிந்ததும் வேற்று மகரந்தம் கலந்துவிட்டாள் என்று முதலில் சொன்னதும் நான்தான். தலைவர் மொரிவாக்கி "வம்சத்தைக் கெடுத்தவளுக்கு இங்க என்ன வேலை, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பேரை அடிச்சுடுவோம், சாட்சிக்கு நீ வந்துடு" என்றார். அவள் "நான் எதையும் கலக்கல, நீங்க குடுத்ததைத்தான் போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உன் பதிலைப் படித்ததும் உன்மேலும் சந்தேகம் வந்தது, நெதர்லாந்து ஆய்வகத்திலிருந்து நீதான் அவளுக்கு விதை அனுப்பியிருப்பாய், இல்லாவிட்டால் இத்தனை வேகமாக ஏன் அவளுக்காகப் பேசுகிறாய் என்று. செடியின் மரபைச் சுமக்கும் உயிரிழைக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு என்கிறாய். தாய்வழி இழையும் தந்தைவழி இழையும் ஒட்டிப் படுத்துப் பகுதிகளை மாற்றிக்கொள்ளும்போது, ஒன்றில் மட்டும் அப்படியொரு துண்டு குந்தியிருந்தால் ஜிப்பில் துணி சிக்கின மாதிரி அந்த இடம் பொருந்தாதாம், மாற்றம் அங்கே அபூர்வமாம், அதனால்தான் ஊசியிலையும் வெள்ளையும் பிரியாமல் வந்திருக்கலாமாம், துண்டு தாவிப் போய்விட்டால் இரண்டும் பிரிய வழி பிறக்குமாம். நீயே "இருக்கலாம், சோதிச்சாத்தான் தெரியும்" என்று ஒரு வாலையும் ஒட்டியிருக்கிறாய். குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்தால் எங்கே போனான் என்று தெரிய வேண்டாமா என்று உனக்கு எட்டுப் பக்கம் திட்டி எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், சித்தியிடம் சொல்லாதே. முளைத்து முதல் இரண்டு இலை விடும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இலை ஒல்லியாக இருந்தால் அது ஊசியிலை, தண்டு பச்சையென்றால் வெள்ளைப்பூ, சிவப்பென்றால் நிறப்பூ. ஒல்லி இலையும் சிவந்த தண்டுமாக முதல் இருபத்தெட்டு வருஷத்தில் மூன்றே மூன்று நாற்று வந்தது, தேனீயின் அயோக்கியத்தனம் என்று பிடுங்கி எறிந்தேன். அப்புறம் இந்த மூன்று வருஷமாக வருஷத்துக்கு ஏழெட்டு வருகிறது, ஒருவர் கண்ணிலும் படாமல் விடியுமுன் பிடுங்கினேன். விதைச்செடிகள் இருப்பது வலைக்குள், கொசு நுழையவும் என் கையெழுத்து வேண்டும். தேனீயைச் சந்தேகப்பட்டேன், வலையைச் சந்தேகப்பட்டேன், உன் சித்தியைக்கூடச் சந்தேகப்பட்டேன், என் வம்சத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அவளுக்குக் கொடுத்ததும் இது ஆரம்பித்த அதே வருஷத்து விதைதான்.

இன்று காலை தோட்டத்து மூலைக் குப்பைமேட்டில், நான் மே மாதம் பிடுங்கி எறிந்த நாற்று ஒன்று வேர் பிடித்து ஊசியிலையில் ஊதாப்பூ பூத்து நிற்கிறது. பெயர்த்துத் தொட்டியில் வைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சங்கத்து மேசையில் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, பிடுங்கினது அத்தனையையும் சொல்லி, பேரை அடிப்பதானால் முதலில் என் பேரை அடியுங்கள் என்று சொல்லப்போகிறேன். மொரிவாக்கியை நான் அறிவேன், அடித்தாலும் அடிப்பார்.

நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் இரு, காலையில் சோறு சாப்பிடாமல் ஆய்வகத்துக்குப் போகாதே. செடியை ஒளித்துவிட்டேனா என்று வேவு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு போன் போடு.

இப்படிக்கு,
சனிக்கிழமை வரைக்குமாவது சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா ஜென்சோ