கணினியில் வந்த புகை

அன்பு மகனுக்கு,

பள்ளியில் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றை வாங்கிவந்தேன். நேற்று சுவிட்சைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். யாரும் தொடாமலே, நீ ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளியில் நீ உட்கார்ந்திருந்த கணினியில் வந்த அதே புகை. பவர் சப்ளையைக் கழற்றினேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கும் சின்ன பாகம், வெடித்திருந்தது. பழைய சோப்பில் விரிசல் விழுவதுபோல, வயதானால் அதன் ஓட்டிலும் விழும், ஈரம் புகும், மின்சாரம் பட்டதும் புகையும்.

"நான் எதையும் தொடலப்பா" என்று அன்று வகுப்பில் அழுதாய்.

"இங்க நான் அப்பா இல்ல, சார். பொய் சொல்லாத" என்று நாற்பது பேர் முன்னால் அடித்தேன்.

நேற்று இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். உன் குரல் கேட்டதும், உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வகுப்புக்காரர்கள் பள்ளியில் கூடுகிறார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்லப்போகிறேன். உன்னை வரச்சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது?

உன் அப்பா