பெர்த்திலிருந்து வந்த சைலன்சர்

பழவேற்காடு
20.1.2008

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டு, உங்கள் ஜபீன் எழுதுவது. நானும் ஆபிதாவும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதனால் போனில் வாப்பாவோடு பேச வெட்கப்படுகிறாள். மாமாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதன் நீளத்தைப் பார்த்துவிட்டு மாமா, "இன்னாம்மா இது, வண்டியில புகை போறதுக்கு இம்மாம் பெரிய பொட்டியா?" என்று கேட்டார். பிரித்தால் மூன்று துண்டுகள். உங்கள் பட்டறையில் நீங்களே வளைத்தவை என்று போனில் சொன்னீர்களே, அதனால் வளைவுகளை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முன், நடு, வால் என்று தமிழில் எழுதியிருந்தீர்கள். 'வால்' என்பதன் கடைசி எழுத்தை மாமா விரலால் தொட்டு, "இவன் ல் போட்டா நண்டு நடக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய சைலன்சரை இந்த உப்புக் காற்று முழுதாகத் தின்றுவிட்டது. அடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆபிதா பின்சீட்டில் உட்கார்ந்தால் புகையில் தலை வலிக்கிறது என்பாள். ஆகவே போன வியாழக்கிழமை, அவளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து பஜேரோவை நானே கும்மிடிப்பூண்டிக்கு ஓட்டிப் போனேன். பொன்னேரி வரைக்கும் ஒரே பனி. வயல் எது, வானம் எது என்று தெரியவில்லை. எதிரே வரும் லாரிகளின் விளக்குகள் மட்டும் மிதந்து வந்து மிதந்து போயின. மாமா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, தண்ணீரில் அளைவதுபோல் பனியில் அளைந்துகொண்டே வந்தார்.

சிப்காட்டுக்குப் பின்னால் சாலமோன் அண்ணனின் பட்டறை. நீங்கள் சொன்னபடியே அவர் மட்டும்தான் பஜேரோவில் கைவைப்பாராம். பழைய போல்ட் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாவற்றையும் காய்ச்சி அறுத்தார். பழைய குழாயைக் கீழே போட்டதும் துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. எஞ்சின் பக்கம் டர்போவோடு சேரும் முன்துண்டு சட்டென்று உட்கார்ந்தது. நடுத்துண்டுதான் மாட்டிக்கொண்டது. சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. "அக்கா, ஒரு விரக்கடை வெட்டி ஒட்டிட்டா முடிஞ்சிடும்" என்றார் அவர். வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லும் முன்பே மாமா எழுந்து வந்துவிட்டார். "எம் புள்ள வளைச்சது. வெட்டாதே. வண்டியை வேணா வளைச்சுக்கோ" என்றார். சாலமோன் அண்ணன் சிரித்தார். அப்புறம் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குழாயைத் தாங்கும் கொக்கியைக் கழற்றி, வேறு கொக்கி செய்து, இடம் மாற்றிப் பற்றவைத்தார். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வேலையைச் செய்தார் மச்சான். குழாயில் ஒரு கீறல் இல்லை.

பிறகு ஸ்டார்ட் செய்தோம். எப்படி எழுதுவது? சத்தம் அதிகமில்லை. பழைய கரகரப்புப் போய், தூரத்தில் அலை புரளுவதுபோல் அடங்கிய ஒரு முழக்கம். அழுத்தினால் அதற்கு மேலே மெல்லிய விசில். "இத்தினி நாளு டர்போ மூச்சு முட்டிக்கினு இருந்துச்சு, இப்பதான் தாராளமா விடுது" என்றார் சாலமோன் அண்ணன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது நான் ஓட்டுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. ஏரி தெரிகிற இடத்தில் பொழுது சாய்ந்தது. தண்ணீர் முழுக்க ரோஜா நிறம். அதற்குள் பூநாரைகள் நின்றன, அவையும் அந்த நிறம்தான். எது பறவை எது வெளிச்சம் என்று பிரிக்க முடியவில்லை.

மாமா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். குளிருக்காக நான் உங்கள் பழைய ஜெர்க்கினைப் போட்டிருந்தேன். அவர் கண்ணைப் பாதி திறந்து என் பக்கம் பார்த்து, உங்கள் பெயர் சொல்லி, "அஹ்சா, மெதுவா போப்பா" என்றார்.

நான் ஜபீன் என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக மாமா என்றுதான் கூப்பிடுவேன், உங்களுக்கே தெரியும். அன்று நீங்கள் கூப்பிடுவது போல, "சரி வாப்பா" என்றேன்.

"எப்ப வந்தே?"

"இப்பதான் வாப்பா."

அவர் என் தோளில் கைவைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

போனில் உங்களோடு பேசும் கொஞ்ச நேரமும் அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். மற்ற நேரத்தில் அப்படியில்லை. ரம்ஜானிலிருந்தே இப்படி. ஜும்ஆ தொழுகை முடிந்து வேறு தெருவுக்குப் போய்விடுகிறார். யாராவது கூட்டிவந்து விடுகிறார்கள். விற்றுவிட்ட படகுகளைத் தேடிக் கரையில் நிற்கிறார். உங்களிடம் சொல்லவேண்டாம், அங்கே வேலை கெட்டுவிடும் என்று தெளிவாக இருந்த ஒரு நாளில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பொன்னேரி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இது போகப்போகக் கூடும், குறையாது என்றும் சொல்லியிருக்கிறார். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் பட்டறைக்குப் போய்வந்த மறுநாள் காலையில் இறால் வாங்கிவந்து என்னிடம் கொடுத்து, தேங்காய்ப்பால் விட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தவர் பக்கத்தில் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். பிறகு நம் அறையின் மூடிய கதவைக் காட்டி, "அவ்ளோ தூரம் வந்தவன், அசந்து தூங்கறான். எழுப்பாதே, அவனா வரட்டும்" என்றார். ஆபிதா அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் உங்கள் தட்டில் சோறு வைத்து மூடினேன்.

நிரந்தரக் குடியுரிமைப் பேப்பர் கைக்கு வரும்வரை அங்கிருந்து கிளம்பக்கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அது எத்தனை பெரிய காரியம் என்றும் தெரியும். இது எதையும் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வதல்ல. ஒருமுறை, சில நாட்களுக்கு மட்டும். இப்போது நீங்கள் வந்தால் அவர் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இன்றைக்கும் உங்கள் சாப்பாட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் தொழப் போயிருக்கிறார்.

உங்கள் வழி லேசாகவும் வானம் தெளிவாகவும் இருக்க அல்லாஹ் அருள்வானாக.

துஆவுடன்,
ஜபீன்