ஆறு விட்டுப்போன மேடு

மார்ச் 4
நான்காவது குழியிலும் மணல்தான். என் பொறுப்பில் நடக்கும் முதல் அகழாய்வு இது. இந்த ஆற்றங்கரையில் பழைய ஊர் இருந்தது என்று அடித்துச் சொல்லி அனுமதி வாங்கியவளும் நான்தான். பானை ஓடுகள் நிறையக் கிடைக்கின்றன. சுவர் இல்லை, தரை இல்லை. ஆனாலும் தினமும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கிறேன். கொடுத்துவைத்தவள்.

மார்ச் 7
தொல்லியல் துறை இயக்குநர் தொலைபேசியில், "மாசக் கடைசி வரைக்கும் பாருங்கம்மா. ஒண்ணும் வரலைன்னா மூடிடலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மார்ச் 8
முதுகு வலி. மணல்.

மார்ச் 11
என் கல்லூரித் தோழி வந்துவிட்டாள். மண்ணியல்காரி, மண்ணைக் கண்டால் சாப்பாடு மறந்துவிடும் அவளுக்கு. நான் பெருமையாகப் பரப்பி வைத்திருந்த ஓடுகளைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடி இது, எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருக்கு? உடைஞ்ச ஓடுன்னா கையைக் கிழிக்கணும்ல?"

விளிம்புகளெல்லாம் மழுங்கியிருந்தன. தண்ணீர் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. இதை மாணவர்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன்! கிடைத்த சந்தோஷத்தில் கண் அவிந்து போச்சா எனக்கு? அப்படியானால் ஊர் எங்கே? அன்று இந்த ஆறு இங்கே ஓடவே இல்லையோ?

மார்ச் 14
விடிய விடிய மழை. குழிகள் நான்கும் குளம். குழிகளுக்குப் பின்னால், வயல்களுக்கு நடுவே வளைந்து கிடக்கும் பள்ளத்திலும் தண்ணீர் நிறைந்து, இன்னோர் ஆறு போலவே இருந்தது. எங்கள் கூடாரங்கள் மட்டும் அந்தப் பள்ளத்தின் ஓரத்து மேட்டில் தண்ணீர் தொடாமல் நின்றன. சமையல்காரர் நிம்மதியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வெள்ளம் ஏறாத இடமாகப் பார்த்து முதல் நாளே நான் தேர்ந்தெடுத்த மேடு.

தோழி பள்ளத்தைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள்.

"பழைய ஆறு அங்க. அதோட கரை இது. நீ அந்தக் காலத்துல வீடு கட்ட வந்திருந்தா எங்கடி கட்டுவ?"

கூடாரத்துக்குள் கிடந்த என் கட்டிலைப் பார்த்தேன்.

மார்ச் 15
கூடாரங்களைப் பிடுங்கினோம். ஆளாளுக்கு முறுமுறுப்பு. இயக்குநரிடம் போனில் சொன்னேன். அவர், "சரி, தோண்டுங்க. நீங்க எங்க தூங்குவீங்க?"

மார்ச் 19
மேட்டில் கிடைத்த ஓடு கையைக் கிழித்துவிட்டது! இரண்டு விரலில் கட்டு. ரத்தத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

மார்ச் 26
என் கட்டில் இருந்த இடத்துக்கு நேர் கீழே, மிதித்து மிதித்து இறுகிய தரை. ஓரத்தில் ஓர் அடுப்பு; மண் சிவந்து, கரி அப்படியே இருக்கிறது. அதை மூட்டியவளும் வெள்ளம் ஏறாத இடமாகத்தான் பார்த்திருக்கிறாள். சட்டென்று அவளைப் பிடித்துப்போனது.

இயக்குநர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடத்துக்கும் அனுமதி கேட்கச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறார்: "ஊர் மேலயே படுத்துத் தூங்கிட்டு, ஆத்தோரமா தேடிட்டு இருந்தியா!"

கூடாரங்கள் இப்போது மூடிய குழிகளுக்குப் பக்கத்தில், மணலில். கொசு பிடுங்குகிறது. சமையல்காரர் என்னோடு பேசுவதில்லை. மேற்கே மேகம் கறுத்திருக்கிறது. இன்று மழை கொட்டி வெள்ளம் ஏறினால் நாங்கள்தான் நனைவோம், மேட்டில் தார்ப்பாய் போர்த்திய அந்த அடுப்பு நனையாது.