பால் மறந்த பிள்ளை

ஐப்பசி, திங்கள்

விடிய மழை. கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் அறைக்குள். ஏணி வைத்துத் துப்புரவு. இடுப்பு நோவு.

நேற்றைய கோபம் இன்னும் இறங்கவில்லை. கோயிலில் வாசகம் வாசிப்பவர்கள் எல்லோரும் இனிச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரவேண்டுமாம். புதிய பாதரின் உத்தரவு. வராதவருக்கு வாசகம் இல்லை. இந்தக் கோயிலுக்கு ஓடு போடுமுன்பே வாசித்தவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் போகாமல், பஸ் ஓட்டிய காலத்தில் ஸ்டியரிங்கில் வேதப் புத்தகத்தைச் சாய்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தவன். எனக்குப் பயிற்சி!

பயிற்சி தருவது சிஸ்டர் மெற்றில்டா (இனி சி.மெ.). மகளின் வயதுகூட இராது. பூசை முடிந்ததும் வருகிற ஞாயிறுக்குரிய சங்கீதத்தை, வேதப் புத்தகத்துப் பாட்டு ஒன்றை, கையில் தந்தார். இருப்பதில் ஆகச் சிறியவற்றுள் ஒன்று.

"கிழமை முழுக்க இத மட்டும் வாசிங்க ஐயா. சப்பிப் போடாதீங்க. கல்கண்டு மாதிரி வாயில வச்சிருங்க."

"நான் ஒரு நாளைக்கு மூண்டு அதிகாரம் வாசிக்கிறவன்."

"தெரியும். அதாலதான்."

சங்கீதத்தில் வருவது, தாயின் மடியில் பிள்ளை போல என் மனம் அமைதியாக இருக்கிறது என்ற கருத்து. சி.மெ. சொல்கிறார், மூல மொழியில் அது பால் மறந்த பிள்ளையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் அமைதியாகக் கிடப்பது பால்குடிப் பிள்ளை. பால் மறக்கடித்த பிள்ளை ஊரைக் கூட்டும். ஐந்து பிள்ளை வளர்த்தவன் நான். அவர் கன்னியாஸ்திரி. இதை எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். இன்னும் ஒன்று சொன்னேன்: "நான் சொல்றது பிழையெண்டா வாற ஞாயிறு வாசிக்க மேடைக்கு ஏற மாட்டன்."

"பந்தயமா ஐயா? கோயிலுக்குள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாதரும்.

செவ்வாய்

மழை விட்டு வெயில். புழுக்கம்.

கர்த்தரே என் பக்கம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆயிஷா உம்மா வீட்டில் காலையிலிருந்து பிள்ளை அலறல். மகள் றிஸ்வானாவின் கடைக்குட்டி. மதிலால் எட்டிக் கேட்டேன்.

"என்ன ஆயிஷா உம்மா, புள்ளைக்குச் சுகமில்லையா?"

"சுகத்துக்கு என்ன குறை சவிரி அண்ணன். ரெண்டு வயசு முடிஞ்சிட்டு. பால் மறக்கடிக்கிறம். கசக்கட்டும் எண்டு காத்தாழையப் பூசிரிக்கி. ஒரு வாய் வச்சிட்டு, என்னமோ நாங்க அவனக் கொல்ற மாதிரி கத்துறான்."

"கத்தத்தானே செய்யும்!" என்றேன். குரலில் சந்தோசம் கூடிவிட்டது போலும். ஆயிஷா உம்மா ஒருமாதிரிப் பார்த்தா.

என் மனைவி திரேசா (தி.) குசினிக்குள் இருந்து: "பச்சப் புள்ள அழுறது உங்களுக்குக் கொண்டாட்டமா? வேதம் வாசிக்கிற மனிசன்!"

புதன்

சங்கீதம் வாசித்தேன். பல்லவி தவிர எல்லாம் சில வரிதான். ஒரு இழுப்பில் முடிந்துவிடுகிறது. பிறகு என்ன செய்வது? திரும்பவும் வாசித்தேன்.

என் உள்ளத்தில் மேட்டிமை இல்லை, என் பார்வை உயரத்தில் இல்லை என்று தொடக்கம். இந்த இடத்தில் தடக்குகிறது. என் பார்வை உயரத்தில்தான். பஸ்ஸின் டிரைவர் ஆசனம் அப்படி. காரைதீவுச் சந்தியில் எத்தனை பெரிய மனிதர் காரில் வந்தாலும் அவருடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரியும். அது பாவமா? கோபத்தில் புத்தகத்தை மூடினேன்.

மின் கட்டணம் கட்ட வெளிக்கிட்டு, பாதி வழியில் அதே வரி வாய்க்குள். துப்பவும் முடியவில்லை.

இந்தச் சங்கீதத்தை எழுதியவர் அரசர் என்கிறார்கள். அரசர் நினைத்தால் எவ்வளவும் நீட்டலாம். யார் தடுப்பார்? இவ்வளவு சின்னதாய் நிறுத்தியிருக்கிறாரே. பெரிய ஆள்தான்.

வியாழன்

வாங்க: சீனி, தீப்பெட்டி, தி.யின் பிறஷர் குளிசை.

பிள்ளைக்குக் குரல் கம்மிவிட்டது. ஆனாலும் விடுவதாயில்லை. ஆயிஷா உம்மா தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடக்கிறா, கோழி காட்டுகிறா, "இஞ்ச பாரு, காகம் பாரு" என்கிறா. அது தன் உம்மா றிஸ்வானா இருக்கும் பக்கமே கையை நீட்டுகிறது.

பின்பக்கம் உடுப்புக் காயப்போட்டபோது றிஸ்வானாவைக் கண்டேன். கிணற்றுக் கட்டில் சுவரைப் பார்த்து நின்று அழுகிறா. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே வந்து தி.யிடம் சொன்னேன்.

"அழாம? அவளுக்கும் பால் கட்டி நோகும்தானே. குடுக்காம இருக்கிறது லேசு எண்டு நினைச்சீங்களா?"

ஐந்து பிள்ளைக்குத் தகப்பன். இது தெரியாது. அந்த நாளெல்லாம் நான் பஸ்ஸில்.

இன்று மூன்று அதிகாரம் வாசிக்கவில்லை. அந்த ஒரு வரியோடு சரி. கொடுக்காத தாயும் அழுகிறாள் என்பது அதில் எழுதியில்லை. ஆனால் இருக்கிறது.

வெள்ளி

மந்தாரம். காற்று இல்லை. ஜும்மாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று; றோட்டு வெறிச்சென்றிருந்தது.

ஊறுகாய் போட மதிலோரத்து மரத்தில் தேசிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். மற்றப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். றிஸ்வானா குசினிப் படியில் வெங்காயம் உரிக்கிறா. பிள்ளை தானாகத் தத்தித் தத்தி வந்தது. மடியில் ஏறியது. சட்டையை இழுக்கவில்லை. எதையும் தேடவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி, அப்படியே இருந்தது. அவ வெங்காயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அசையாமல் இருந்தா.

ஆயிஷா உம்மா என்னைக் கண்டு வாயில் விரல் வைத்துக் காட்டினா. பிறகு மதில் கிட்ட வந்து, மெதுவாக:

"முந்தி பாலுக்கு வருவான் சவிரி அண்ணன். இப்ப உம்மாட்ட வந்திரிக்கான்."

தேசிக்காய்க் கூடையை அங்கேயே மறந்துவிட்டு உள்ளே வந்தேன்.

பால்குடிப் பிள்ளையின் அமைதி வயிறு நிறைந்த அமைதி. இது வேறு. வேண்டியது கிடைக்காமல், கத்தி முடித்து, அதன் பிறகும் அதே மடிக்கு வந்து சேர்ந்த அமைதி. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு. எத்தனை தரம் வேதப் புத்தகத்தை முடித்திருப்பேன். பஸ் ஓட்டின மாதிரியே ஓட்டியிருக்கிறேன்.

எனக்குப் பால் எது? மேடை. ஒலிவாங்கி. வாசலில், "சவிரி ஐயா, இண்டைக்கு நல்லா வாசிச்சீங்க" என்பது.

சனி

மழை. குடையோடு பயிற்சிக்குப் போனேன். தி. வாய் பிளந்து பார்த்தா.

எல்லோரும் இருந்தார்கள். சி.மெ. பந்தயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை. நானே எழும்பினேன்.

"சிஸ்டர், பால் மறந்த பிள்ளைதான். நான் சொன்னது பிழை."

யாரும் சிரிக்கவில்லை. கண்டதைச் சொன்னேன். சி.மெ. கண்ணைத் துடைத்தார்.

"ஐயா, இதுக்குப் பிறகு நாளைக்கு இதை நீங்கதான் வாசிக்கோணும்."

"ஏற மாட்டன் எண்டு சொன்னனான்."

"அது பகிடிக்கு ஐயா!"

"நான் பகிடி விடுறல்ல."

பாதரும் வந்து சொல்லிப் பார்த்தார். சொன்னால் சொன்னதுதான். தி.யின் ஒன்றுவிட்ட தங்கை பிலோமினாவுக்குக் கொடுத்தார்கள். அவ பயத்தில், "அத்தான், எனக்குத் திக்குமே" என்றா. சப்பிப் போடாதே என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு

பூசைக்குப் போனோம். (திருப்பலி என்று சொல்லட்டும். எனக்குப் பூசைதான்.) ஒலிபெருக்கி இன்னும் பிழையான பக்கத்தில். சொல்லி அலுத்துவிட்டது.

பிலோமினா ஏறினா. இரண்டு இடத்தில் திக்கினா. திக்கின இடத்தில் அந்தச் சொல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. நான் வாசித்திருந்தால் நின்றிராது. நெஞ்சுக்குள் ஒரு இழுப்பு, அந்த மேடைக்காக. இருந்தது. பிறகு அடங்கிற்று.

பூசை முடிந்து சனம் போய்விட்டது. விளக்குகளும் அணைத்தார்கள். நான் எழும்பவில்லை.

தி.: "என்னப்பா, கால் பிடிச்சிட்டா?"

"இல்ல."

"அப்ப இன்னும் என்ன கேக்கிறீங்க ஆண்டவரிட்ட?"

"ஒண்டும் கேக்க இல்ல. நீ போ. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்."