நேரலையில் என் வீட்டுக்காரர்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததிலிருந்து குளியலறையில் ஒரே சுரம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரர் ஊதுகிறார். முன்பல் உடைந்து புதுப்பல் கட்டியதிலிருந்து இப்படித்தான். உதடு பழைய இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறதாம். ஹார்ன் என்கிற பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவருக்கு உதடு போனால் எல்லாம் போச்சு.

மாடிவீட்டுக்காரர் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் ஹார்னு, அவருக்கு மேல ஒரு கண்டக்டர். டிரைவர் யாரும்மா?" போன மாதமும் இதையே கேட்டார். போன மாதமும் சிரித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நகர இசைக்குழுவின் கச்சேரி, வானொலியில் நேரலை. மேடையில் அவர். அரங்கின் பின்னால் கண்ணாடி அறையில், மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்புகிற மேசையில் நான். இத்தனை வருஷத்தில் இதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒத்திகை. கச்சேரியின் மூன்றாம் பகுதி அவருடைய ஹார்னோடு தொடங்குகிறது. மற்றவர்கள் எல்லாம் சும்மா இருக்க, அவர் மட்டும். மேல் சுரம் உடைந்தது. கையசைத்துக் குழுவை நடத்துகிற கண்டக்டர் மறுபடி கேட்டார் — மறுபடியும் உடைந்தது. கண்டக்டர் தாளைப் புரட்டி அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழுவின் மேலாளர் நடையில் என்னை நிறுத்தி, "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். அப்படியெல்லாம் விசாரிக்கிற ஆளே இல்லை. சீசன் முடிந்ததும் வீட்டுக்காரருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதைத்தான் சொல்கிறார். வேறென்ன?

மார்ச் 7, வெள்ளி

நேரலை முடிந்தது. எழுதக் கை வரவில்லை.

மார்ச் 8, சனி

எழுதிவிடுகிறேன்.

என் மேசையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் உண்டு. மேலே தள்ளினால் ஒலி கூடும், கீழே இழுத்தால் குறையும். மூன்றாம் பகுதிக்கு முன்னால் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். உதட்டை நாக்கால் ஈரப்படுத்தினார். அவ்வளவுதான் பார்த்தேன். என் கை தானாக — தானாக என்ன தானாக, நான்தான் — அவருடைய மைக்கைக் கீழே இழுத்தேன். உடைந்தாலும் ஊருக்குத் தெரியாதே என்று.

உடையவில்லை. ஒரு பிசிறுகூட இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கே உடம்பு சிலிர்த்தது. விரல் மறுபடி மேலே போவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் கண்டக்டர் அவரை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார். அப்படி ஒரு கைதட்டல். ரேடியோவில் கேட்டவர்களுக்கோ, அடுத்த தெருவில் யாரோ ஊதிய மாதிரி இருந்திருக்கும்.

வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் போன் செய்தார். வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "பாத்திரத்தையெல்லாம் அப்படியே போட்டுட்டு ரேடியோகிட்ட உக்காந்தேன்டா. மூணாவது வந்துச்சு, போச்சு. நீ வாசிச்சியா, இல்ல லீவா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் மைக் ரிப்பேரா?"

பொய்யை அவரே எடுத்துக் கையில் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டிருக்கலாம்.

"இல்லைங்க. நான்தான் குறைச்சேன்."

"எப்போ?"

"நீங்க ஊதறதுக்கு முன்னாடி."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம், "கண்டக்டர்கூட நம்பினார். நீ நம்பலை" என்றார்.

நம்பலைதான். பயந்துட்டேன். மூணு நாளா அந்த மேலாளர் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நிக்குது. அதை அவர்கிட்ட சொல்ல வாய் வரலை, இங்கதான் எழுதறேன்.

மார்ச் 10, திங்கள்

வானொலி நிலைய அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா பதிவாகியிருக்குல்ல? மறு ஒலிபரப்புக்கு ஒழுங்காக் கலந்து கொடுங்க. அடுத்த நேரலைக்கு வேற ஆள் போடறேன்."

நியாயம்தான். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. உப்பு எங்கே, சாவி எங்கே.

மார்ச் 16, ஞாயிறு

மறு ஒலிபரப்பு. கேட்க மாட்டார் என்று நினைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். மூன்றாம் பகுதி வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முடிந்ததும், "ரொம்பத் தூக்கிட்ட. மைக்கை முழுங்கிட்டு ஊதின மாதிரி இருக்கு" என்றார்.

"குறைச்சாலும் தப்பு, கூட்டினாலும் தப்பா?"

"ஆமா. நான் இருக்கிற இடத்துல இருந்தாப் போதும்."

இந்த வாரம் நாங்கள் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நிலைய அதிகாரி கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நேரலைக்கு நானே உட்கார வேண்டுமாம். "உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போனார். 'எங்க வாத்தியமெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி, அவளே உக்காரட்டும்'னார்."

வீட்டில் கேட்டேன். "ஆமா, போனேன்" என்றார். வேறு விளக்கம் கிடையாது.

ஏப்ரல் 12, சனி

நேற்று உடைந்தது. மெல்லிய இடம், நீளமான சுரம், பாதியில் சேவல் கூவின மாதிரி. உடையப் போகிறது என்று அவர் மூச்சு எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் ஃபேடர் மேல்தான் இருந்தது. அசைக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் பிடித்து, மீதியை முழுசாக வாசித்து முடித்தார். அதுவும்தானே ஊருக்குக் கேட்டிருக்கும்.

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "ஊர் பூரா கேட்டிருக்குமே" என்றார்.

"கேட்டிருக்கும்."

"தெளிவா?"

"ரொம்பத் தெளிவா."

அவர்தான் முதலில் சிரித்தார்.

மேலாளர் வரச் சொல்லியிருக்கிறாராம். "நீயும் வாயேன்" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போனோம். ஒப்பந்தம் உண்டு, ஆனால் இனி முதல் ஹார்ன் இல்லை, பக்கத்து நாற்காலியில் இரண்டாம் ஹார்னாக. அங்கே கீழ் சுரங்கள்தான் அதிகம், இந்த உதடு தாங்கும். வீட்டுக்காரர் தாளை வாங்கிப் படித்தார். "சரி" என்றார். படியிறங்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டார். வீடு வரை எடுக்கவில்லை.

அடுத்த சீசனில் அவருடைய மைக்கை ஒரு நாற்காலி தள்ளி வைக்க வேண்டும்.