படத்தில் இல்லாத குடிசைகள்

இன்று காலை பேருந்து நிலையச் சுவரில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பசை இன்னும் காயவில்லை, நெடியடித்தது. படத்துக்குக் கீழே 'நேர்மையின் இமயமே' என்று அச்சடித்திருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரி பார்த்தாள். இறந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுதான், சார். ஆனால் எழுபத்தொன்றாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்களோடு வேலை பார்த்தவள் நான்.

நீங்கள் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர், கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளர். வீடு வீடாகப் போய் எழுதும் டீச்சர் நான். காரைக்குடியில் நம் பகுதியின் வரைபடத்தை நீங்களே வரைந்தீர்கள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். பெரிய வீட்டுத் தெருக்கள் நேர்கோடாக ஓடின. கோயிலும் ஊருணியும் தபாலாபீசும் அதனதன் இடத்தில் இருந்தன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மட்டும் வெறும் காகிதம். 'புறம்போக்கு, குடியிருப்பு இல்லை' என்று உங்கள் முத்து முத்தான கையெழுத்து.

அங்கே செம்புறாங்கல் வெட்டுகிறவர்களின் குடிசைகள் குறைந்தது நாற்பது இருக்கும் என்று சொன்னேன்.

"அங்குட்டுப் போயி எதுக்கு டீச்சர் வெயில்ல அலையுறீக? படத்துல வீடு இல்ல. வீடு இல்லாத எடத்துல ஆளு எப்படி இருக்கும்?" என்றீர்கள்.

அதே வாயால் பூட்டிக் கிடந்த மாளிகைகளுக்கு ஆள் நிரப்பச் சொன்னீர்கள். "பெரிய வீட்டைக் காலின்னு காட்டுனா ஊருக்குத்தான் அசிங்கம்." மதராசிலும் மலேயாவிலும் இருந்தவர்களின் பெயர்களைக் காவல்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். வௌவால் மட்டுமே வசித்த வீடுகளில், உங்கள் ஏட்டின்படி, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வாழ்ந்தார்கள். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் குடிநீர்க் குழாய் பதித்துக்கொண்டு வந்தார்கள். ரயில்வே கேட் வரை வந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் குடியிருப்பே இல்லையாம். அந்தக் கோடையில் அங்கே குடிசையில் வசித்த, கல் வெட்டும் முத்தாயி பள்ளிக்கூடத்துக்கு வந்து, உங்கள் மேசைமுன் நின்றாள்.

"கல்லுக்குழித் தண்ணியக் குடிச்சு, வாந்தியும் பேதியுமா எம் மக போயிட்டா சார். நீங்க எங்களை எழுதியிருந்தா கொழா வந்திருக்கும்னு சொல்றாக."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "எழுத வேண்டியது டீச்சரு. அவுககிட்டயே கேளு."

அவ்வளவுதான் நீங்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், துடைத்த கண்ணாடி வழியாக அதைத்தான் சொன்னீர்கள்.

அன்றே மனு எழுதினேன். நீங்கள் சொன்னதையும் அதன்படி நான் நடந்ததையும் ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணையில் எதுவுமே ஞாபகமில்லை என்றீர்கள். என்னை இளையாத்தங்குடிப் பக்கம் மாற்றினார்கள். உங்களுக்குப் பதவி உயர்வு வந்தது. மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றீர்கள். ஆனால் விசாரிக்க வந்த அதிகாரி, நீங்கள் ஒருநாளும் தாண்டாத அந்தத் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து பார்த்துவிட்டுப் போனார். சில மாதங்களில் அங்கே ஒரு குழாய் வந்தது. ஒரே ஒரு குழாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து, அதைப் பார்க்கப் போனேன். முத்தாயி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மக பேரு என்ன முத்தாயி?" என்று கேட்டேன்.

"இப்பக் கேக்குறீகளே டீச்சர்" என்றாள். குடம் நிறைந்து வழிந்த பிறகுதான் சொன்னாள்: "அஞ்சலை. ஆறு வயசு."

உங்கள்மேல் எனக்குள்ள இளக்காரம் இந்த வயதிலும் குறையவில்லை, சார். அதில் ஒரு பங்கு என்னையும் சேர்ந்தது. அந்தப் பெயரை எந்தப் படிவத்திலும் நான் எழுதவில்லை. மறக்கவும் இல்லை.