ஒரே கதவு எண்

டிச. 9, திங்கள்
பனி. கரண்ட் வரத் தாமதம்.
இசைச் சங்க உறுப்பினர் விவரங்களுக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்குவது? ஞாயிறு கமிட்டிக்குள் செயலாளர் நான் சொல்லியாக வேண்டும். பாதிப் பேரின் பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய். "கச்சேரி தேதிய எங்களுக்கும் மெயில் போடுங்க, அப்பாவுக்கு ஞாபகப்படுத்துறோம்" என்கிறார்கள். நியாயம்தான்.

இலவசமாகப் பார்க்க இரண்டு கிடைத்தன.
முதலாவது: பார்க்க அழகு. தமிழில் பெயர் அடித்தால் கட்டம் கட்டமாக வருகிறது. வேண்டாம்.
இரண்டாவது: தமிழ் வருகிறது. உறையில் ஒட்ட முகவரியும் அடித்துத் தருகிறது. டைப் அடிக்கும் ஸ்டெல்லாவுக்கு இதுதான் பிடித்தது. எனக்கும். மார்கழி விழா அழைப்பை இதில் அனுப்பிப் பார்க்கலாம்.

டிச. 11, புதன்
நல்ல வெயில். அழைப்புகள் நேற்றே தபாலில். மதியம்தான் பட்டியலைப் பார்த்தேன்.

ஒரே கதவு எண் என்றால் ஒரே குடும்பம் என்று அதுவே சேர்த்து, ஒரே உறை போட்டிருக்கிறது. 'திரு. அசோகன், திரு. கோதண்டம்.' பாகம் பிரித்து, வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி, வருஷக்கணக்காய்ப் பேசாத அண்ணன் தம்பி! தனித்தனியாகத்தான் அழைப்போம். விழா நடப்பதோ அண்ணன் கோதண்டத்தின் மண்டபத்தில், வாடகையில்லாமல். அவர் கோபித்தால் விழா நடுத்தெருவில்.
ஸ்டெல்லா: "அக்கா, அகர வரிசைல தம்பி பேரு முதல்ல வந்துடுச்சு." அது வேறு.

டிச. 12, வியாழன்
மூட்டம். குடவாசல் பக்கம் மழையாம். கோதண்டம் போனை எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. காபி இறங்கியது.

டிச. 13, வெள்ளி
அசோகன் வந்தார், கையில் உறை. உட்காரக்கூட இல்லை.
"என்னங்க இது?"
"மன்னிச்சுக்குங்க. கம்ப்யூட்டர் சேத்துடுச்சு. தனித்தனியா அனுப்பிடுறோம்."
"சேத்தத யாருங்க கேட்டா? என்ன இருந்தாலும் அவரு மூத்தவரு. எம் பேர மேல போட்டா அவருக்கு எப்படி இருக்கும்? மாத்திக் குடுங்க."
மாற்றி அடித்தோம். அண்ணன் மேலே.
"தபால் வேணாம். நானே குடுத்துடுறேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நானும் ஸ்டெல்லாவும் சிரித்துத் தீர்த்தோம். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அண்ணன் வாங்கிக்கொள்வாரா?

டிச. 15, ஞாயிறு
கமிட்டி. வடை கொஞ்சம் கல். இரண்டாவது சாஃப்ட்வேரே வாங்க முடிவு. வீட்டுவாரியாகச் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னார் தலைவர். நிறுத்தினோம், ஒரு கதவு எண்ணைத் தவிர.

மாலை கோதண்டம் போன். "திருவாரூர்ல வேலையா இருக்கேன், வர நாளாகும். மண்டபத்துச் சாவி தம்பிகிட்ட இருக்கு, வாங்கிக்குங்க."